பன்னிரண்டு வண்டியும் ஒரு மீசையும்

"கடையில வாங்கின வண்டி வாங்கினபடியே என் ரயிலில ஓடினா, அன்னைக்கே இந்த மீசையை எடுத்துடறேன்!"

இந்தச் சூளுரை முழங்கப்பட்டது போர்க்களத்தில் அல்ல. டயர் கடைக்கு மேலே, மாடியில், குட்டி ரயில் சங்கத்தின் வருடாந்திரக் கூட்டத்தில், நன்றியுரை சொல்ல வேண்டிய நேரத்தில். நன்றி சொல்ல எழுந்தவர் யாருக்கும் நன்றி சொல்லாமலேயே உட்கார்ந்தார். கைதட்டல் மட்டும் பலமாக இருந்தது. கூட்டம் ஒருவழியாக முடிந்ததே என்ற நிம்மதியில் தட்டியவர்களும் அதில் உண்டு.

முழங்கியவரைச் சங்கத்தில் 'திருத்தம்' என்று சொன்னால்தான் தெரியும். தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். ஆளின் முகத்தையே பார்க்காமல், அந்த அச்சை வைத்துக்கொண்டு ஈறும் பல்லும் செய்து அனுப்பிவிடுவார் இவர். ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு இவருடைய பட்டறையில் பிறந்தது. சிரிக்கிறவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தால் இவரைப் பார்க்கும்போதாவது கொஞ்சம் மரியாதையாகச் சிரித்திருப்பார்கள்.

கையில் கிடைத்த எதையும் கிடைத்தபடி விட மாட்டார் என்பதால் வந்த பெயர்தான் 'திருத்தம்'. ஹோட்டலில் சாப்பிடப் போனால் ஆடுகிற மேஜைக்குக் கீழே போய்விடுவார். சாப்பாடு வந்து ஆறிய பிறகுதான் மேலே வருவார். கல்யாணத்துக்கு முன்னால், பெண் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது, உட்காரச் சொல்லிப் போட்ட நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, காலைச் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"என்னைப் பார்க்க வந்தீங்களா, நாற்காலியைப் பார்க்க வந்தீங்களா?" என்று மனைவி இன்றைக்கும் கேட்பதுண்டு.

"நாற்காலி ஆடுச்சு. நீ ஆடலையே" என்பார் திருத்தம்.

இதைவிடப் பெரிய பாராட்டு அந்த வீட்டில் யாருக்கும் கிடைத்ததில்லை.

இப்படிப்பட்டவர் கையில் நேரோகேஜ் ரயில் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? நேரோகேஜ் என்பது பெரிய ரயிலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பெரிய ரயில் போக மறுக்கிற இடத்துக்கெல்லாம் இதுதான் போகும். கல் உடைக்கிற குவாரி, மரம் வெட்டுகிற மலைச்சரிவு, செங்கல் சூளை. அதைச் சுண்டுவிரல் அகலத் தண்டவாளத்துக்குச் சுருக்கி, பெட்டியில் போட்டு, பொம்மை என்று சொன்னால் கோபித்துக்கொள்கிற பெரியவர்களுக்கு விற்கிறார்கள். அந்தச் சரக்கு வண்டிகளுக்கு இரண்டு குணம். ஒன்று, இறகு மாதிரி இலேசாக இருக்கும். இரண்டு, வளைவு வந்தால் தண்டவாளத்தை விட்டுவிட்டு நேராகப் போகும்.

இந்த இரண்டாவது குணம் திருத்தத்தின் தூக்கத்தைக் கெடுத்தது. பல்செட் செய்கிறவருக்கு, ஒன்று உட்கார வேண்டிய இடத்தில் உட்காராவிட்டால் பொறுக்காது. அதனால் புது வண்டி வீட்டுக்குள் நுழைந்ததும் அதற்கு அறுவை சிகிச்சைதான். பிளாஸ்டிக் சக்கரம் போய் இரும்புச் சக்கரம் வரும். சக்கரத்தின் அச்சு சுழல்கிற குழியில் குட்டிப் பித்தளைக் கிண்ணம் வரும். வண்டியோடு வண்டியைக் கோக்கிற, மூக்கு நீண்டிருந்த கொக்கி குட்டையாகும். பல் சுரண்டுகிற ஊசியால் மரப்பலகைக் கோடு கீறி, ஆணித் தலைக்குப் புள்ளி வைத்து, துருப்பிடிக்க வேண்டிய இடத்தில் துருநிறம் பூசுவார். கடைசியாக, பல்லுக்கு மூடி வார்த்தது போக மிஞ்சிய உலோகத் துணுக்குகளை வண்டியின் வயிற்றில் அடுக்கி, பல்செட்டுக்கு ஈறு செய்கிற அதே அக்ரிலிக்கை ஊற்றி மூடிவிடுவார். ஆகவே திருத்தத்தின் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் இளஞ்சிவப்பாக ஈறு தெரியும். ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். அதைப் பிரிக்க வேண்டுமானால் வண்டியை உடைக்க வேண்டும்.

திருத்திய வண்டியைச் சாப்பாட்டு மேஜையில் போட்டிருந்த ஒரு முழத் தண்டவாளத்தில் வைத்து ஒற்றை விரலால் தள்ளுவார். அது மெத்தையில் உருள்கிற மாதிரி போகும்.

"பாத்தியா?" என்பார் மனைவியிடம்.

மனைவிக்குப் பார்சல் ஆபீஸில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை எடை போடுகிறவர். வண்டியைக் கையில் எடுத்து ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை என்கிட்ட கொண்டுவந்தா நான் இரும்புன்னுதான் பில் போடுவேன்" என்பார்.

"உனக்கு எல்லாமே பார்சல்."

"உங்களுக்கு எல்லாமே பல்லு."

எதிரி இல்லாமல் வீரன் ஏது? சங்கத்தின் செயலாளர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவரிடம் இருந்த வண்டிகளுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் அவற்றில் ஒன்றுகூட வெளிச்சம் கண்டதில்லை. எல்லாம் பெட்டிக்குள். பெட்டி பிளாஸ்டிக் உறைக்குள். உறை பீரோவுக்குள். வண்டியைக் காட்டச் சொன்னால் பெட்டியைக் காட்டுவார். பெட்டியைத் தொடப் போனால் கைக்குட்டை நீட்டுவார். வண்டி பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும், அதில் கை வைக்கிறவன் கொலைகாரன் என்பது அவருடைய சித்தாந்தம்.

அந்த வருடாந்திரக் கூட்டத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கம்பெனியிலிருந்து வந்த நிலையில் உள்ள வண்டிகள் மட்டுமே இனிச் சங்கத்தின் தண்டவாளத்தில் ஓடலாம். வெட்டி ஒட்டிய வண்டிகள் சங்கத்தின் கௌரவத்துக்குக் குறைவு; மற்றவர்களின் ரயிலையும் அவை கவிழ்க்கும்.

திருத்தம் எழுந்தார். "செயலாளர் அய்யா, ஒரே ஒரு கேள்வி. உங்க மேல் வரிசைப் பல்லு கம்பெனியிலேருந்து வந்த நிலையிலா இருக்கு?"

செயலாளர் வாயை மூடினார். மூடிய வாய்க்குள் இருந்தது திருத்தத்தின் கைவேலை என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. யாருக்கென்று தெரியாமல் செய்து அனுப்பியிருந்தாலும், தன் கைவேலை எதிரே வந்து சிரித்தால் திருத்தத்துக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

"தனிப்பட்ட விஷயத்தை எல்லாம் பேசாதீங்க" என்றார் செயலாளர், பல்லைக் கடித்துக்கொண்டு. கடிக்க முடிந்ததற்கு அவர் நன்றி சொல்லியிருக்கலாம்.

"வண்டியும் எனக்குத் தனிப்பட்ட விஷயந்தான். திருத்தின பல்லால சாப்பிடுவீங்க, திருத்தின வண்டி மட்டும் ஆகாதா?"

கூச்சல் அடங்கியபோது ஒரு ஏற்பாடு முடிவாகியிருந்தது. வருகிற திறப்பு நாளில் பொதுமக்கள் பார்க்க வருவார்கள். வழக்கம்போல் பன்னிரண்டு வண்டி கோத்த ரயிலைச் சங்கத்தின் எஞ்சின் இழுத்துக்கொண்டு மலைமேட்டில் ஏறி இறங்க வேண்டும். அதைத் திருத்தம் பூட்டட்டும். நடுவில் நிற்காமல், ஒன்றும் கழலாமல் வந்துவிட்டால் தீர்மானம் குப்பைக்குப் போகும். நின்றாலோ கழன்றாலோ தீர்மானம் நிறைவேறும். திருத்தம் தன்னிடம் இருக்கிற சங்க மண்டபத்துச் சாவியைக் கொடுத்துவிட்டுத் தன் வண்டிகளோடு வீட்டுக்குப் போக வேண்டும். அவருக்கு அந்த மண்டபத்தைத் தவிர வேறு ஊரே கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். செயலாளருக்கு நன்றாகவே தெரியும்.

பந்தயம் அவ்வளவுதான். பன்னிரண்டும் திருத்தியதாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் யாரும் கேட்காததைக் கொடுக்கிற வள்ளல்தானே திருத்தம்? நன்றியுரைக்கு எழுந்தார்; மீசையைப் பணயம் வைத்தார். சாதாரண மீசை அல்ல அது. இரண்டு பக்கமும் ஒரே நீளம். வாராவாரம் அளந்து, நீண்டிருந்த பக்கத்தைத் திருத்தி வளர்த்த மீசை.

திறப்பு நாளுக்கு முந்தின மத்தியானம் ஒத்திகை. துணைக்கு மனைவியின் தம்பி வந்தான். மண்டபத்துக்குக் கீழே இருக்கிற டயர் கடை அவனுடையதுதான். பன்னிரண்டு வண்டி இருந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறிய மச்சான், பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினான்.

"மாமா, இதுல ரயிலா இருக்கு, தண்டவாளத்தையும் சேர்த்துக் கொண்டுவந்துட்டீங்களா?"

"தரமான சாமான் கனமாத்தான்டா இருக்கும்."

"அப்போ நானும் தரமான ஆளுதான். டாக்டர்கிட்ட சொல்றேன்."

சங்கத்தின் எஞ்சினுக்குக் 'கிழவி' என்று பெயர். உள்ளங்கைக்குள் அடங்குகிற உருவம், தையல் மெஷின் மாதிரி சத்தம், யாருக்கும் அடங்காத சுபாவம். பன்னிரண்டு வண்டிகளையும் கிழவியோடு கோத்தார்கள். சமதளத்தில் கிழவி முனகிக்கொண்டே இழுத்தாள். வளைவில் ஒரு வண்டியாவது அசைய வேண்டுமே? சிலைபோல் போயின. திருத்தத்தின் மீசை இரண்டு பக்கமும் ஒரே அளவில் உயர்ந்தது.

மேடு வந்தது. கிழவி ஏறத் தொடங்கினாள், பாதியில் நின்றாள். நின்றாள் என்றால் சும்மா நிற்கவில்லை. சக்கரம் எல்லாம் சுழன்றது, சத்தம் எல்லாம் வந்தது, ஊர்வலம் மட்டும் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் வண்டிகள் கிழவியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு இறங்கின.

மச்சான் தண்டவாளத்தைத் துடைத்தான். கிழவிக்கு எண்ணெய் விட்டான். "ஏறு ஆத்தா" என்று கெஞ்சினான். எதற்கும் மசியவில்லை.

திருத்தம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாகத்தான் திருத்தினார்; மேஜையில் தனித்தனியாகத்தான் தள்ளினார். தள்ளியதோ சொந்த விரல். விரலுக்கு மேடு தெரியாது. ஒவ்வொரு வண்டியும் ஒழுங்காகிக்கொண்டே வந்ததில், ரயில் என்ற ஒன்று இருப்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

"கனத்தைக் கொஞ்சம் எடுத்துடலாமா?" என்றான் மச்சான்.

திருத்தம் ஒரு வண்டியைக் கவிழ்த்துக் காட்டினார். இளஞ்சிவப்பு ஈறு பளபளவென்று சிரித்தது.

"ஆயுசுக்கும் கழலாதுன்னு நீங்கதானே பெருமையா சொல்வீங்க."

"கழலாதுதான்டா. அதான் பிரச்சனை."

கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார்கள். ஒன்பது வண்டியோடு கிழவி மேட்டைத் தாண்டினாள். பத்தாவதைச் சேர்த்தால் உட்கார்ந்துகொண்டாள். ஆக, மூன்று இடம் காலி. அந்த மூன்றுக்கும் எடையே இல்லாத வண்டிகள் வேண்டும். எடையே இல்லாத வண்டி எங்கே கிடைக்கும் என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவர் பட்டறையிலேயே, அடுத்த திருத்தத்துக்கு என்று வாங்கி வைத்த மூன்று வண்டிகள் பிரிக்காத பெட்டியில் இருந்தன.

பட்டறைக்கு வந்து பெட்டிகளைப் பிரித்தார். இனி நடந்ததுதான் அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய அடி. சக்கரத்தைச் சுழற்றினார், கோணல் இல்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கம்பெனிக்காரனே இந்த முறை இரும்புச் சக்கரம் போட்டிருந்தான். கொக்கி சரியான உயரத்தில் இருந்தது. பலகைக் கோடு இவர் கீறுவதைவிட மெல்லியதாக இருந்தது. மூன்றையும் தள்ளினார். கொஞ்சம் ஆடியபடி, ஆனால் ஒழுங்காகவே, மேஜையின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தன.

"துரோகி" என்றார் திருத்தம், கம்பெனிக்காரனை.

மச்சானுக்குத்தான் யோசனை உதித்தது. "மாமா, இதுல என்ன இருக்கு? அடியில ஒரு பொட்டு பெயின்ட் வச்சுடுங்க. கை பட்ட வண்டி ஆயிடும். பன்னிரண்டும் திருத்தின வண்டிதான்னு சொல்லிக்கலாம். மீசை தப்பிச்சிடும்."

திருத்தம் அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு பொட்டு வச்சா அது திருத்தமாடா?"

"இல்லதான். ஆனா யாருக்குத் தெரியும்?"

"பல்லு செஞ்சு அனுப்பறேனே, அது யாரு வாய்க்குப் போகுதுன்னு எனக்குத் தெரியுமா? அதுக்காக ஏனோதானோன்னா செய்யறேன்? குறை இருந்தாத்தான் கை வைப்பேன். குறையே இல்லாத வண்டியில பொட்டு வச்சு என் வேலைன்னு சொன்னா, நானும் அந்தச் செயலாளரும் ஒண்ணு. அவரு பெட்டியைக் காட்டி ஊரை ஏமாத்தறாரு, நான் பொட்டைக் காட்டி ஏமாத்தணுமா?"

"அப்போ போட்டியிலேருந்து விலகிடுங்க."

"யாரு, நானா? சாவியை அந்த ஆள் கையில கொடுக்கறதுக்கு நான் வேற ஆளா பிறந்து வரணும். ரயில் ஓடும்டா. நாளைக்கு ஓடும். அந்த மேட்டுல ஏறும்."

"மீசை?"

"அது என் மூஞ்சியில இருக்கு. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை குளியலறைக் கதவு வழக்கத்தைவிட நேரம் பூட்டியே இருந்தது. மனைவி இரண்டு முறை தட்டினார்.

"என்னங்க, உள்ளே குழாயைத் திருத்தறீங்களா?"

"இல்லை."

"பின்னே?"

கதவு திறந்தது. மனைவி பார்த்தார். சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது; அவர் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் சோப்பு ஒட்டியிருக்கு" என்று மட்டும் சொல்லி, முந்தானையால் துடைத்துவிட்டார். பிறகு, பட்டறையில் வேலை செய்யும்போது அவர் போட்டுக்கொள்கிற முகமூடியை எடுத்து நீட்டினார். "தூசி அதிகம் இருக்கும் அங்கே. போட்டுக்குங்க."

மண்டபத்தில் நல்ல கூட்டம். செயலாளர் புதுச் சட்டையில் வாசலில் நின்று வரவேற்றார். முகமூடியோடு வந்த திருத்தத்தைப் பார்த்து, "என்ன, உடம்பு சரியில்லையா? வேணும்னா இன்னொரு நாள் வச்சுக்கலாம்" என்றார். குரலில் சர்க்கரை சொட்டியது.

"உடம்புக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

"உங்க வண்டி மாதிரின்னு சொல்லுங்க."

திருத்தம் நேராகத் தண்டவாளத்துக்குப் போனார். கனமான ஒன்பதை முன்னால் கோத்தார். இலேசான மூன்றையும் வாலில் கோத்தார். துருவேறிய ஒன்பது பழைய வண்டிகளுக்குப் பின்னால், இப்போதுதான் பெட்டியை விட்டு வந்த மூன்று, பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் போகிற பிள்ளைகள் மாதிரி பளிச்சென்று நின்றன. செயலாளருக்குக் கண்ணாடிக் கடை அல்லவா? கண் கூர்மை. உடனே பார்த்துவிட்டார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. எதற்கு அவசரம், ரயில் கவிழட்டும், சாவியையும் மீசையையும் சேர்த்து வசூலித்துக்கொள்ளலாம் என்று பொறுத்திருந்தார்.

கிழவி கிளம்பினாள். சமதளம் போனது. வளைவு போனது. வாலில் இருந்த மூன்றும் இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்தன, கழலவில்லை. மேடு வந்தது. கிழவியின் சத்தம் மாறியது. மச்சான் இரண்டு கையையும் பிசைந்துகொண்டு, "ஏறு ஆத்தா, ஏறு ஆத்தா" என்று உதட்டுக்குள் சொன்னான். நேற்று நின்ற அதே இடத்தில் சக்கரம் ஒருமுறை வழுக்கியது. மண்டபத்தில் யாரோ 'ஐயோ' என்றார்கள். வழுக்கிய சக்கரம் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டு ஏறியது. உச்சியில் வளைவு. அந்த இடத்தில்தான் இலேசான வண்டிகள் எப்போதும் தண்டவாளத்துக்கு டாட்டா காட்டும். மூன்றில் கடைசி வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திருத்தத்தின் வலது கை தானாக முன்னால் போனது. நடுவழியில் அதை அவரே இழுத்து நிறுத்திக்கொண்டார். வண்டி நிமிர்ந்தது. ஆடிக்கொண்டே இறங்கியது.

கைதட்டினார்கள். இந்த முறை எதற்குத் தட்டுகிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்தே தட்டினார்கள்.

மச்சான் செயலாளர் பக்கம் திரும்பி, "அய்யா, தீர்மானத்தைக் கிழிக்கணும். கத்தரிக்கோல் தரட்டுமா, கையாலேயே கிழிக்கறீங்களா?" என்றான்.

செயலாளர் கூட்டத்தைப் பார்த்தார். பந்தயத்தில் தோற்றாகிவிட்டது, அதை அவரால் மறுக்க முடியாது. ஆனால் இன்னொரு கடன் பாக்கி இருக்கிறதே? தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ரயில் ஏறிடுச்சு, சரி. நான் வாக்குத் தவற மாட்டேன், தீர்மானம் கேன்சல். ஆனா கடைசி மூணு வண்டி கடையிலேருந்து வந்தபடியே இருக்கே! கை வைக்காத வண்டி என் ரயிலில ஓடினா என்னமோ செய்யறேன்னு ஒருத்தர் சொன்னாரே. என்ன சொன்னாரு? யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. எல்லோரும் திருத்தத்தைப் பார்த்தார்கள்.

அப்போது மனைவி ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். திருத்தம் ஊதினார். சூடு பார்த்தார். பிறகு, டீ குடிக்கிற எவரும் செய்வதைப் போல, முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கினார்.

மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் இத்தனை வருஷம் வெயில் படாத ஒரு பட்டை, புதுப் பல்செட் மாதிரி வெளுப்பாகத் தெரிந்தது.

செயலாளர் சிரிக்கத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. உள்ளே மேல் வரிசை பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

திருத்தம் டீயைக் குடித்து முடித்தார், டம்ளரை மனைவியிடம் கொடுத்தார். கிழவி அடுத்த சுற்றுக்கு மேடேறிக்கொண்டிருந்தாள். வாலில் இருந்த கடைசி வண்டி, அதே இடத்தில், அதே மாதிரி சாய்ந்து நிமிர்ந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கை இரண்டும் பாக்கெட்டுக்குள் இருந்தன.